15 அங்குலத்திலிருந்து 16-க்கு: காருக்குப் பொருந்தும் அலாய் வீலையும் டயரையும் தேர்ந்தெடுக்கும் முறை

சென்ற தென்மேற்குப் பருவமழையின்போது குடும்பத்துடன் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணைக்குச் சென்று திரும்புகையில், குலசேகரத்தைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய நொடியில் பின்சக்கரத்திலிருந்து துணி கிழிவது போன்ற ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தபோது, வாங்கி இரண்டு வாரமே ஆன டயரின் வெளித்தோளில் விரல் நீளத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. மட்கார்டின் உள்மடிப்பு அதை அறுத்திருந்தது. அந்தச் சக்கரங்களைக் கழற்றி, கணக்கை முதலிலிருந்து போட்டு, சரியான அளவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. புதிதாகச் சக்கரம் மாற்ற நினைப்பவர் யாரும் அந்த மாதத்தையும் பணத்தையும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைத்திறனும் கொண்ட இந்தச் சிறிய கார்தான் நம் மாவட்டத்துச் சாலைகளில் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார். எடுத்துக்காட்டுக் கணக்குகள் இதை வைத்தே வருகின்றன. எந்தக் காருக்கும் முறை ஒன்றே, எண்கள் மட்டும் மாறும்.

முதல் படி: பழைய சக்கரத்தைப் படித்தல்

கடைக்குச் செல்லும் முன் ஒரு சக்கரத்தைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். என் சக்கரத்தில் 6ஜே×15 என்றும் இ.டி. 40 என்றும் வார்க்கப்பட்டிருந்தது. 6ஜே என்பது ரிம்மின் அகலம் 6 அங்குலம் என்பதையும், 15 என்பது அதன் விட்டத்தையும், இ.டி. என்பது ஆஃப்செட்டையும் (நான்காம் படியில் விளக்குகிறேன்) குறிக்கும். டயரின் பக்கச்சுவரில் 185/60 ஆர் 15 84 என்று இருந்தது. இவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள காற்றழுத்த அட்டவணையையும் படம் எடுங்கள்.

இரண்டாம் படி: ஹப்பின் அளவுகள்

ஹப் என்பது சக்கரம் பூட்டப்படும் அச்சுமுனை. போலோவுக்கு பி.சி.டி. 5×100, அதாவது ஐந்து போல்ட் துளைகளின் மையங்கள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். ஐந்து துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளை இல்லாததால் இதை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்து, வரும் எண்ணை 0.588-ஆல் வகுக்க வேண்டும். 58.8 மி.மீ. வந்தால் பி.சி.டி. 100, 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3. ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் போல்ட்டை இழுத்துப் பொருத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள். போல்ட் சாய்ந்து உட்கார்ந்தால் ஓட்டத்தில் தளரும்.

அடுத்தது மையத்துளை. போலோவின் ஹப் 57.1 மி.மீ. டொயோட்டா 86 என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பி.சி.டி. 5×100 தான்; ஆனால் அதன் மையத்துளை 56.1 மி.மீ. அந்தச் சக்கரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த ஒரு மில்லிமீட்டரால் போலோவின் ஹப்பில் உட்காராது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அலாய் வீல்களில் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 73.1 மி.மீ. போன்ற பெரிய துளை இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப 73.1-57.1 அளவுள்ள ஹப் ரிங் தேவை. ரிங் இல்லாமல் பூட்டினால் சக்கரம் மையத்திலிருந்து மயிரிழை விலகினாலும் மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அது போகாது.

ஹப் ரிங் அலுமினியத்திலும் வரும், கடினப் பிளாஸ்டிக்கிலும் வரும். பலர் அலுமினியமே உயர்ந்தது என்பார்கள். முட்டம், குளச்சல் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு நான் பிளாஸ்டிக்கையே பரிந்துரைக்கிறேன். எஃகு ஹப்பும் அலுமினிய ரிங்கும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரத்தைக் கழற்றச் சுத்தியல் தேவைப்படும். வண்டியின் எடையைத் தாங்குவது இறுகிய போல்ட்டுகள்தாம். மையப்படுத்துவது மட்டுமே ரிங்கின் வேலை.

மூன்றாம் படி: டயரின் மொத்த விட்டம்

185/60 ஆர் 15 என்பதில் 185 மி.மீ. அகலம், அதில் 60 விழுக்காடு, அதாவது 111 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக 222 மி.மீ., ரிம்மின் 15 அங்குலத்துக்கு 381 மி.மீ. ஆக மொத்தம் 603 மி.மீ. புதிய டயரும் இதற்கு அருகில் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட எல்லை கூடுதலாக ஒன்றரை விழுக்காடு, குறைவாக இரண்டு விழுக்காடு. விட்டம் பெருத்தால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கும் என்பதால் மேல்பக்கம் இறுக்கமாக வைத்தேன்.

195/50 ஆர் 16 என்றால் 601.4 மி.மீ.; ஏறக்குறைய அதே விட்டம். 205/50 ஆர் 16 என்றால் 611.4; ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான கூடுதல். 215/40 ஆர் 17 என்றால் 603.8, காகிதத்தில் மிக அழகான எண். ஆனால் அதன் பக்கச்சுவர் வெறும் 86 மி.மீ. மழைக்குப் பின் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரையான சாலையில் தண்ணீர் நிறைந்த குழி எது, நனைந்த தார் எது என்று இரவில் தெரியாது. 17 அங்குல ரிம்மின் உதடு அங்கே வளைந்தால் நேராக்குவதற்கும் செலவு, நேராக்கிய ரிம்மை நம்புவதும் கடினம். எனவே நம் மாவட்டத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் ஏற்றுவதே என் உறுதியான கருத்து. அகலத்திலும் 10 மி.மீ.க்கு மேல் போக நான் விரும்புவதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அகன்ற டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும்.

நான்காம் படி: ஆஃப்செட் (நான் தவறிய இடம்)

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பின்மீது ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே இ.டி. எண். நேர்மறை எண்ணாக இருந்தால் அந்த முகம் தெருப் பக்கமாக இருக்கும். எனவே எண் கூடக் கூடச் சக்கரம் வண்டிக்குள் செல்லும்; குறையக் குறைய வெளியே வரும்.

நான் முதலில் வாங்கியது 16 அங்குலம், 7ஜே, இ.டி. 35; அதன்மேல் 205/50 ஆர் 16 டயர். பழையது இ.டி. 40, புதியது 35. எனவே சக்கரம் 5 மி.மீ. மட்டுமே வெளியே வரும் என்று நான் நம்பினேன். கடைக்காரரும் அப்படியே சொன்னார். நாங்கள் இருவருமே அகலத்தை மறந்துவிட்டோம். அகலம் கூடும்போது அந்தக் கூடுதலின் பாதி வெளியிலும் பாதி உள்ளேயும் போகும்; ஆஃப்செட் மாற்றம் அதன்மேல் சேரும்.

சரியான கணக்கு இது. வெளிப்புறத்துக்கு, டயர் அகலத்தின் பாதியிலிருந்து இ.டி.யைக் கழிக்க வேண்டும். உட்புறத்துக்கு, பாதியோடு இ.டி.யைக் கூட்ட வேண்டும். பழைய டயருக்கு வெளிப்புறம் 92.5 − 40 = 52.5 மி.மீ.; உட்புறம் 92.5 + 40 = 132.5 மி.மீ. நான் வாங்கியதற்கு வெளிப்புறம் 102.5 − 35 = 67.5, உட்புறம் 137.5. அதாவது 5 என்று நான் நினைத்த இடத்தில் டயர் 15 மி.மீ. வெளியே வந்திருந்தது. விட்டமும் 8.4 மி.மீ. கூடியிருந்ததால் டயரின் உச்சி 4 மி.மீ. மேலேறியிருந்தது. தனியாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து ஸ்பிரிங் அமுங்கியதும் மட்கார்டு டயரைத் தொட்டுவிட்டது.

ரிம்மின் விளிம்புக்கும் இதே கணக்கைப் போடுங்கள். டயர் தப்பினாலும் ரிம் உதடு நடைபாதைக் கல்லில் உரசலாம். 6ஜே என்றால் 152.4 மி.மீ., 7ஜே என்றால் 177.8 மி.மீ. என் முதல் தேர்வில் ரிம் விளிம்பு 17.7 மி.மீ. வெளியே போயிருந்தது. அகன்ற ரிம்மில் டயரும் சற்று விரியும், அரை அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ. என்று கொள்ளலாம். நான் ஒப்பிட்ட டயர்கள் அனைத்தும் தத்தம் அளவீட்டு ரிம்மைவிட (டயரின் அகலத்தை அளக்க நிர்ணயித்த ரிம்) அரை அங்குலம் அகன்ற ரிம்மில் இருந்ததால் அந்த விரிவு இருபுறமும் சமமாகி, கணக்கு மாறவில்லை.

பிறகு நான் தேர்ந்தெடுத்தது 16 அங்குலம், 6.5ஜே, இ.டி. 40, டயர் 195/50 ஆர் 16. வெளிப்புறம் 57.5, உட்புறம் 137.5. இருபுறமும் 5 மி.மீ. மட்டுமே கூடுகிறது, விட்டம் சிறிது குறைகிறது. அந்த டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரையான ரிம் ஏற்றது என்பதால் 6.5 நடுவில் பாதுகாப்பாக அமர்கிறது.

ஐந்தாம் படி: சுமைக் குறியீடு

டயரில் 84 என்றிருந்தால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. வண்டியுடன் வந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். அதன் பின்னால் வரும் எழுத்து வேகத்துக்கு. எச் என்றால் 210 கி.மீ., வி என்றால் 240. டயரின் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதிக் குறியில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். ஓராண்டுக்கு மேல் கடை வெயிலில் அடுக்கப்பட்டிருந்த டயரை நான் வாங்குவதில்லை.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் முன் பொருத்திப் பார்த்தல்

ஒரே ஒரு சக்கரத்தில் டயரை ஏற்றிப் பூட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். முன்பக்கத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டயருக்கும் சஸ்பென்ஷன் தூணுக்கும் இடையே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிரேக் காலிப்பருக்கும் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) சக்கரத்தின் ஆரங்களுக்கும் இடையே இடமுள்ளதா என்பதைக் கையால் சுற்றிப் பார்த்தே அறிய வேண்டும். பின்பக்கத்துக்கு, தக்கலையில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னதே சிறந்த சோதனை: "மக்கா, பின்னாடி மூணு பேரை இருத்தி ஒரு ஹம்பு ஏத்திப் பாரு, அப்பத் தெரியும்." மட்கார்டின் உள்மடிப்பில் ஈரக் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டிவிட்டு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். உருண்டை நசுங்கியிருந்தால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஆகாது. உள்மடிப்பைச் சுத்தியலால் அடித்து மடக்கித் தருகிறோம் என்பார்கள்; பெயின்ட் விரிந்த இடத்தில் நம் கடற்காற்று ஓராண்டுக்குள் துருவைக் கொண்டுவரும்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் சக்கர மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஏழாம் படி: பூட்டுதல்

போலோவுக்கு நட்டு கிடையாது; 14 மி.மீ. போல்ட்டுகள், இழை இடைவெளி 1.5 மி.மீ. நிறுவனம் தரும் போல்ட்டின் அமர்முகம் பந்து போல் வளைந்தது. வெளிச் சந்தை அலாய் வீல்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ இருக்கையே இருக்கும். பந்து முகப் போல்ட்டைக் கூம்பு இருக்கையில் முடுக்கினால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் மெல்லிய வளையமாக மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். எனவே சக்கரத்துக்கேற்ற கூம்பு முகப் போல்ட்டுகளை வாங்கி, கையால் முடுக்கும்போது குறைந்தது ஏழு முழுச் சுற்று இறங்குகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

காற்றுத் துப்பாக்கியால் இறுக்க நான் அனுமதிப்பதில்லை. குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். நட்சத்திர வரிசையில், 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 80 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்து அதே அளவைப் பொருத்திய ஒரு வாசகருக்கு ஆரல்வாய்மொழிக்கு அருகே இரவில் டயர் பஞ்சராகியிருக்கிறது. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி பழைய 15 அங்குல எஃகுச் சக்கரம். விட்டம் ஒத்துப்போனதால் அதில் ஓட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தின் இருக்கை பந்து வடிவம். அவரிடம் இருந்தவை கூம்பு முகப் போல்ட்டுகள் மட்டுமே. பழைய போல்ட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நானும் இதை முதலில் எழுதத் தவறிவிட்டேன். பழைய போல்ட்டுகளில் ஐந்தைத் துடைத்து, ஒரு துணிப்பையில் கட்டி, ஸ்டெப்னியின் நடுக்குழியில் இன்றே வைத்துவிடுங்கள்.