நியாண்டர்தால் வாதத்தில் இறங்குவதற்கு முன்

கோத்தகிரி டீக்கடையில் வர்க்கியை நனைத்தபடி ஒருவர், “அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தாலின் மரபு ஐரோப்பியருக்கு மட்டும்தான்” என்று சாதித்தால் குரலை உயர்த்தாதீர்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்டவர்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் அது. அவரிடமும் உண்டு, தேயிலை மூட்டை இறக்குபவரிடமும் உண்டு. கிழக்காசியர்களிடம் ஐரோப்பியரைவிடச் சற்றுக் கூடுதல். இதற்கே பெரும்பாலும் வாயடைத்துப் போவார்கள்.

மனிதத் தோற்ற ஆய்வில் இருந்த ஐரோப்பியச் சார்பைப் பொத்தாம்பொதுவாகத் திட்டுவது வீண். நான் எப்போதும் பில்ட்டவுன் மண்டையோட்டு மோசடியைத்தான் எடுப்பேன். இங்கிலாந்தில் 1912இல் மனித மூதாதையுடையது என்று அறிவித்த அந்த மண்டையோட்டில், ஒராங்குட்டான் தாடைப் பல்லை அரத்தால் ராவி, சாயமேற்றிப் பொருத்தியிருந்தார்கள். அதை நம்பிய அறிஞர்கள், 1925இல் ரேமண்ட் டார்ட் அறிவித்த தென்னாப்பிரிக்க டாங் குழந்தையை, அதாவது மனித மூதாதை வழிக் குழந்தையின் புதைபடிவ மண்டையோட்டை, வெறும் குரங்கு என்று ஒதுக்கினார்கள். மோசடி அம்பலமானது 1953இல்!

நம்மவர் யாராவது சென்னைக்கு அருகிலுள்ள தொல்லியல் களமான அத்திரம்பாக்கத்தை வைத்து மார்தட்டினால் அவரையும் விடாதீர்கள். அங்கே கிடைத்தவை சுமார் 3,85,000 ஆண்டுப் பழமையான கற்கருவிகள். அவற்றைச் செய்தது எந்த மனித இனம் என்று சொல்ல, செய்தவரின் எலும்பு எங்கே என்று கேளுங்கள்.