உவர்நீர்க் கரையில் கறவை மாட்டுக்குத் தாது உப்பு கொடுக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கங்களில் கறவை மாட்டின் பால் குறைந்தவுடன் பலரும் முதலில் வாங்குவது, கால்சியம், பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் அடங்கிய தாது உப்புக் கலவையைத்தான். வாங்குவதில் தவறில்லை. ஆனால் நம் கரையோரத்தில் அதற்கு முன் பார்க்க வேண்டியது தண்ணீரை. கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மாடு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். கிணற்று நீர் கரித்தால் அது தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். நீரைச் சோதித்துப் பாருங்கள். கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 3000 மில்லிகிராமைத் தாண்டினால் ஊருணி நீரையோ மழைநீரையோ கலந்து வையுங்கள். 5000-ஐத் தாண்டிய நீரைக் கறவைக்கும் சினைமாட்டுக்கும் வைக்காதீர்கள்.

தாது உப்பில் சாப்பாட்டு உப்பு சேர்த்தது, சேர்க்காதது என இரு வகை உண்டு. உவர்நீர் குடிக்கும் மாட்டுக்கு இரண்டாவதே ஏற்றது. தவிட்டில் கைப்பிடி உப்பு போடும் வழக்கத்தையும் அப்போது குறைத்துவிடலாம்.

வைக்கோலையே நம்பியிருக்கும் மாட்டுக்குத் தாது உப்பு ஏன் அவசியம் என்று கேட்கலாம். வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட்டோ கால்சியத்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. கரையில் கிடக்கும் நைலான் வலைத் துண்டை ஒரு மாடு மணிக்கணக்கில் அசைபோட்டு நிற்பதைக் கண்டால் அதைக் குறும்பு என்று விரட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பாஸ்பரஸ் பற்றாக்குறையின் அடையாளம். வலை வயிற்றுக்குள் போனால் அது தனித் தொல்லை.

கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்பு போதும். மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவு கொள்ளும் மூடி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தொடக்கத்தில் நீர் மிகுந்த கழனித் தொட்டியில் கலவையைத் தூவிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டியைக் கழுவியபோது சாம்பல் நிறச் சேறாக அது அடியிலேயே படிந்திருந்தது. ஆகவே தவிட்டையும் பிண்ணாக்கையும் புட்டுமாவுப் பதத்துக்கு நனைத்து, அதில் பிசிறிக் கொடுப்பதே சரி.

தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்துக்குத் தாது உப்பு மாற்றாகாது. உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுக் கணக்கு. நம் மாவட்டமெங்கும் உதிரும் சீமைக்கருவேல நெற்று இதில் செலவைக் குறைக்கும். நன்றாகப் பழுத்து உதிர்ந்தவற்றை மொறுமொறுவென்று காயவைத்து அரைத்தால்தான், இனிப்புப் பசை இயந்திரத்தில் ஒட்டாது. அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். நெற்றையே நெடுநாள் தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை தளர்ந்து மெல்ல முடியாமல் போவதுண்டு. அரைக்காமல் போட்டால் விதை சாணத்தோடு வயலுக்குப் போய் முளைக்கும், பிறகு கருவேலை வெட்டுவதே வேலையாகிவிடும்.

கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் கால்சியம் மிகுந்த டானிக்குகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அப்போது கால்சியம் மிகுந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடலில் மந்தமாகி, ஈன்றவுடன் பால் காய்ச்சல் (இரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறையும் நோய்) வரும் வாய்ப்பு கூடுகிறது.

காலை, மாலைப் பாலை அளந்து எழுதி வாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் அளவு ஏறவில்லை என்றால், இன்னொரு பொட்டலம் வாங்குவதற்கு முன் குடற்புழுவும் மடிநோயும் இருக்கின்றனவா என்று கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.