மின்கலத்தைத் தலைகீழாகப் போட்டாலும் கெடாத எல்இடி டார்ச்

வீட்டில் செய்யும் டார்ச்சில் லித்தியம் மின்கலத்தைத் தலைகீழாகப் போட்டால், முதலில் கெடுவது பெரும்பாலும் எல்இடி அன்று. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சுற்றே.

இதைத் தடுக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை மின்கலத்தின் நேர்முனைக்கு வரிசையில் இணைப்பது எளிய வழி. ஆனால் 1என்4007 போன்ற சாதாரண டயோடு ஏறத்தாழ 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும், 3.7 வோல்ட் மட்டுமே தரும் ஒற்றை மின்கலத்தில் இது பெரிய இழப்பு. ஷாட்கி டயோடில் இழப்பு குறையுமே தவிர நீங்காது.

ஆகவே மின்னழுத்தத்தால் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற பி-சானல் மாஸ்ஃபெட்டையே நான் பரிந்துரைப்பேன். டிரெயின், சோர்ஸ், கேட் என்று அதற்கு மூன்று கால்கள்; கேட்டே திறப்பதைக் கட்டுப்படுத்தும். அதன் டிரெயினை மின்கலத்தின் நேர்முனையிலும், சோர்ஸை டிரைவரின் நேர் உள்ளீட்டிலும், கேட்டை மின்கலத்தின் எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக டிரெயின் மின்கலத்தின் பக்கம் இருப்பதைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். திருப்பி இணைத்தால் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு வழியே தலைகீழ் மின்சாரம் தாராளமாகப் பாயும். ஐஆர்எஃப்9540 என்னும் மாஸ்ஃபெட் இக்குறைந்த மின்னழுத்தத்தில் முழுமையாகத் திறக்காது என்பதால், ஏஓ3401 போன்ற, குறைந்த கேட் மின்னழுத்தத்திலேயே இயங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 1 ஆம்பியரில் அதன் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு.

இரு மின்கலங்களைப் பக்க இணைப்பில் வைத்து ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டால், அவை ஒன்றையொன்று குறுக்குச்சுற்றாக்கிக்கொள்ளும். அப்போது இந்தச் சுற்று உதவாது. அங்கே நேர்முனைத் தகட்டைச் சுற்றி, தட்டையான அடிப்பகுதி தகட்டைத் தொட முடியாத உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் வளையத்தை ஒட்டுங்கள். நேர்முனையில் குமிழுள்ள மின்கலத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

சோதிக்கும்போது 100 ஓம் மின்தடையை வரிசையில் சேர்த்து, மின்கலத்தைத் தலைகீழாக இணைத்து, மல்டிமீட்டரில் மின்சாரம் ஏறத்தாழச் சுழியமாக இருக்கிறதா என்று பாருங்கள்.