ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கியதும் குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்குக் கேஸ்கள் வர ஆரம்பித்துவிடும். மழைக்காலத்திலும் குறைவிருக்காது. வருடா வருடம் புதிதாகச் சேரும் நர்சுகளைப் பார்க்கிறேன். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுப்பதில் எங்கள் பேட்ச் செய்த தவறுகளையேதான் இவர்களும் செய்கிறார்கள். கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் அளவு சொல்லாமல் பாக்கெட்டைக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

போன கோடையில் வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை. தண்ணீர்ப் பாட்டிலைக் கண்டால் பாய்ந்து பிடித்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் பிசைந்த மாவு மாதிரி இருந்தது, சுருக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. “லேசான நீரிழப்புதான் அக்கா” என்றாள் புதிய நர்ஸ்.

“வீட்ல என்னம்மா குடுத்தீங்க?”

“ஓ.ஆர்.எஸ். தான் சிஸ்டர். நேத்து முழுக்க அதான் குடுத்தேன்.”

“எதுல கலந்தீங்க?”

கூடையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். அதில் 200 மில்லி பிடித்தால் அதிகம். பாக்கெட்டோ ஒரு லிட்டருக்கானது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு 168.

அந்த அம்மா மேல் தவறில்லை. முதலில் காட்டிய இடத்தில் பாக்கெட்டைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த அலட்சியம் வராது. சரியாகக் கலந்த ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 75 மில்லிமோல் சோடியமும் அதே 75 மில்லிமோல் குளுக்கோஸும் இருக்கும். சிறுகுடல் சுவரில் இரண்டும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கிலும் இந்த வழி அடைபடுவதில்லை, அதனால்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. அதையே ஒரு டம்ளரில் கலந்தால் ஐந்து மடங்கு உப்பு. அப்போது தண்ணீர் உடம்புக்குள் போவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்கு வரும், பேதி கூடும். சோடியம் மட்டும் ரத்தத்தில் ஏறும். மூளை உடனே தாகத்தைத் தூண்டும், ஏ.டி.எச். என்ற ஹார்மோனை விட்டு சிறுநீரைச் சுருக்கும். ஆனால் கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பெரியவர்கள் அளவுக்கு உப்பை அடர்த்தியாக வெளியேற்றத் தெரியாது. கடைசியில் மூளைச் செல்களே தண்ணீரை இழக்கும், வலிப்பு வரும். செல்களிலிருந்து வந்த தண்ணீர் ரத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் தோல் சுருக்கத்தை வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். அவசரமாகச் சோடியத்தை இறக்கவும் முடியாது, மூளை வீங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு நாள் கணக்கில் மெதுவாகத்தான் இறக்கினோம். நல்லபடியாக வீட்டுக்குப் போனது.

1971-இல் வங்கதேசப் போர் அகதிகளுக்கு மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குழு இந்தக் கரைசலைக் கொடுத்தபோது, உப்பையும் குளுக்கோஸையும் கல்கத்தாவிலேயே எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனார்கள். அந்த நெருக்கடியிலும் அளவை விடவில்லை.

கடைகளில் இரண்டு அளவு பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. 20 கிராம் சொச்சம் இருப்பது ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் இருப்பது 200 மில்லிக்கு. சின்னதை ஒரு லிட்டரில் கலந்தால் உப்பு போதாமல் சோடியம் இறங்கும், அதுவும் ஆபத்துதான். பெரிய பாக்கெட்டை முழுதாகக் கொட்டுங்கள், பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள். எல்லார் வீட்டிலும் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் இருக்கும், அதுதான் அளவு. பாக்கெட்டைக் கொடுக்கும் நர்ஸ், அந்த அம்மாவையே எதிரில் கலக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

டெட்ரா பேக் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்புவது

சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு. குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனாலும் வார்டுக்கு வரும் கூடைகளில் அந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்க்கிறேன்.

வாந்தி வந்ததும் நிறுத்துவது

பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பத் தொடங்குங்கள். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

கலந்த பிறகு கொதிக்கவைப்பது

கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர்

அதில் பொட்டாசியம் அதிகம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

தாத்தா பாட்டி தண்ணீர் கேட்கட்டும் என்று காத்திருப்பது

வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். உடம்பு வற்றியிருந்தாலும் கேட்க மாட்டார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் உப்பும் சேர்ந்து போகும். அப்போது வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் சோடியம் இன்னும் இறங்கும். நேற்று வரை தெளிவாக இருந்த பாட்டி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தள்ளாடினால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், சோடியம் குறைந்தும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.