கூத்துக்கும் கிளினிக்குக்கும் ஒரே வினாக்கொத்தா? ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி வருடம் வந்தால் எல்லாருக்கும் ஒரு ஆய்வேடு. மட்டக்களப்பு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழும் வரலாறும் சமூகவியலும் படிக்கிறவர்களுக்கும் அதுதான், போதனா வைத்தியசாலை வார்டுகளில் சுற்றுகிற மருத்துவ, தாதியியல் மாணவர்களுக்கும் அதுதான். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிறவரும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவரும் அதே ஓட்டத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் செய்வது ஒரே வேலை என்று நினைப்பதில்தான் தவறுகளில் பாதி தொடங்குகிறது. திருத்தித் தரச் சொல்லி என் மேசைக்கு வரும் பிரதிகளில் திரும்பத் திரும்பக் காண்பவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, கலைப்பீடப் பிள்ளைகள் மருத்துவ ஆய்வின் உடுப்பைக் கடன் வாங்குவது. கூத்தில் தென்மோடி, வடமோடி என்று இரண்டு பாணி, இரண்டுக்கும் உடுப்பு வேறு. தென்மோடிக் கூத்தனுக்கு வடமோடி உடுப்பைப் போட்டுக் களரிக்கு அனுப்புகிற வேலை அது. தலைப்பு மட்டக்களப்புக் கூத்து என்று இருக்கும். உள்ளே போனால் கருதுகோள், நூறு பேருக்கு வினாக்கொத்து, ஐந்து கட்ட அளவுகோல். "கூத்துக்கலை அழிந்து வருகிறது" என்று ஒரு வாக்கியம். பக்கத்தில் "மிகவும் உடன்படுகிறேன்" தொடங்கி "முற்றாக மறுக்கிறேன்" வரை ஐந்து பெட்டி. சனம் முதலாவது பெட்டியில் புள்ளடி போடும், வேறென்ன செய்யும்? அதை வட்ட வரைபடமாக்கிக் கலரும் அடித்தால் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். ஆனால் கூத்தைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. கூத்தைப் பற்றிச் சனம் என்ன சொல்லிப் பழகியிருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கிறது.

அதே பிள்ளை ஒரு ஊரில், ஒரு கூத்தோடு, சட்டம் கொடுத்த நாளில் இருந்து, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரமும் பாட்டும் பிரித்துக் கொடுத்த நாளில் இருந்து, அரங்கேற்றம் வரை கூட இருந்தால் கிடைப்பது வேறு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கையில் இருக்கும் கொப்பி யாருடைய கையெழுத்து? பழைய ஏட்டில் இருந்த எந்தத் தருக்கள் (கூத்துப் பாட்டுகள்) இப்போது பாடப்படுவதில்லை? விடிய விடிய ஆடியதை இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது யாருடைய வரவு? வெளிநாட்டுக்குப் போன பொடியனின் பாத்திரம் யாருக்குப் போயிற்று, ஏன் அவருக்கு? ஒரே ஒரு ஊரை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் எழுதலாம். "மாதிரியின் அளவு போதாதே" என்று யாரும் கேட்டால் பயப்படத் தேவையில்லை. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்று என்ற ஒரு ஊரை மையமாக வைத்துத்தான் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் உள்ள தாய்வழிக் குடி முறையை, அதாவது தாய் வழியாக வரும் குல அமைப்பை, ஆராய்ந்தார். எத்தனை பேர் என்பது அங்கே கேள்வியே இல்லை. குடி எப்படி வேலை செய்கிறது, கோயிலிலும் கல்யாணத்திலும் சீதன வீட்டிலும் அது எப்படி வெளிப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இதே தவறு மறுபக்கமாகவும் நடக்கும். மருத்துவ மாணவர்கள் சிலருக்கு நேர்காணல் என்றால் இலேசான வேலை என்று ஒரு நினைப்பு. பத்து நோயாளிகளோடு பேசுவார்கள். பிறகு "60 சதவீதத்தினர் மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதுவார்கள். பத்தில் ஆறு பேர் என்பது சதவீதம் போடுகிற கணக்கு இல்லை. அந்த ஆறு பேர் மருந்தை நிறுத்தியதற்கு ஆறு விதமான காரணம் இருக்கலாம். ஒருவர் நோன்பு, ஒருவர் கடலுக்குப் போகிறவர், இன்னொருவருக்கு மருந்து முடிந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை வாங்கக் காசு இல்லை. அதை விரித்து எழுதத்தான் நேர்காணல். எண்ணிக்கை வேண்டுமென்றால் முதலிலேயே மாதிரியின் அளவைக் கணித்து வேறு ஆய்வாகச் செய்ய வேண்டும்.

நோயாளி விவர அறிக்கைக்கும் இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அபூர்வமான ஒரே ஒரு நோயாளியைக் கவனமாக எழுதி வைப்பதும் ஆய்வுதான். பெரிய எண்ணிக்கை இல்லையே என்று அதைக் குறைவாக நினைக்கிறவர்கள் வார்டில் பாதி அறிவு எப்படிச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி, இந்த மண்ணில் வேலை செய்கிறவர்கள் மட்டும் விழுகிற ஒரு குழி. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பில் இருந்து பிரிந்தது 1961 இல். அதற்கு முந்திய அறிக்கையில் "மட்டக்களப்பு மாவட்டம்" என்று இருந்தால் அதற்குள் கல்முனையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் பாணமையும் அடக்கம். 1950களின் நெல் விளைச்சலை இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டு "வீழ்ச்சி" என்று ஒரு அத்தியாயம் எழுதினால், வீழ்ந்தது விளைச்சல் இல்லை, எல்லைக்கோடு.

சுகாதாரக் கணக்கில் இது இன்னும் சிக்கல். நிர்வாகத்தில் அம்பாறை ஒரே மாவட்டம். சுகாதாரத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியங்கள். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையிலும் கல்முனைக்குத் தனி வரிசை உண்டு. அந்த அறிக்கையில் அம்பாறை வரிசையில் உள்ள டெங்கு நோயாளர் தொகையை எடுத்து, குடிசன மதிப்பீட்டில் உள்ள முழு அம்பாறை மாவட்டச் சனத்தொகையால் பிரித்தால் வருகிற வீதம் உண்மையை விட வெகுவாகக் குறைந்து நிற்கும். மேலே இருப்பது ஒரு நிலம், கீழே இருப்பது வேறு நிலம். கணினி இதற்குப் பிழை காட்டாது, விடையை அழகாகத் தந்துவிடும்.

குடிசன மதிப்பீடு என்றதும் இன்னொன்று. 1981 க்குப் பிறகு மட்டக்களப்பில் முழுமையான கணக்கெடுப்பு நடந்தது 2012 இல்தான். 2001 கணக்கெடுப்பு அம்பாறையில் முழுதாக நடந்தது, மட்டக்களப்பில் முடியவில்லை. ஆகவே 1990களின் மட்டக்களப்புக்கு எந்த வீதம் போட்டாலும் கீழே நிற்கிற சனத்தொகை ஒரு மதிப்பீடு மட்டுமே. அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இல்லை. மதிப்பீடு என்று எழுதி, யாருடைய மதிப்பீடு என்றும் சேர்த்து எழுதினால் சரி.

கிளினிக்கை மாவட்டம் என்று எண்ணுவது மருத்துவப் பக்கத்தில் நான் அதிகம் காணும் பிழை. நகரத்துக் கிளினிக்குக்கு வருகிற சலரோகக்காரரிடம் தகவல் எடுத்துவிட்டு, முடிவுரையில் "மட்டக்களப்பு மக்கள்" என்று எழுதுவது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வாவி கடந்து, பாதை என்கிற மிதவையிலோ பாலம் சுற்றியோ, விடிய வெளிக்கிட்டு வருகிறவர் எத்தனை பேர் அந்தக் கியூவில் இருந்தார்கள்? பெரும்போக அறுவடைக் காலத்தில் தகவல் சேர்த்தீர்களா? அப்படியென்றால் கமக்காரர் பலர் அந்த வாரங்களில் வந்தே இருக்கமாட்டார்கள். வராதவரைப் பற்றி வந்தவர் சொல்லமாட்டார். தலைப்பையே "கிளினிக்குக்கு வருவோர்" என்று சுருக்கினால் ஆய்வு சிறிதாகும், உண்மையாகவும் இருக்கும்.

படிவத்தில் உள்ள ஒரு சின்னப் பெட்டி எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு மெலியோயிடோசிஸ் நல்ல உதாரணம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற பக்டீரியா. வயலில் வேலை செய்கிறவருக்கு வரும், சலரோகம் இருந்தால் ஆபத்து கூட. காசநோய் போலவும் தோற்றம் காட்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. நோயாளிப் படிவத்தில் "தொழில்" என்று ஒரு பெட்டி இருக்கும். ஐம்பது வயது அம்மா ஒருவரிடம் கேட்டால் "வீட்டிலதான், தம்பி" என்பார். படிவத்தில் "குடும்பப் பெண்" என்று விழும். அந்த அம்மா மாரியில் களை பிடுங்கப் போயிருப்பார், வீட்டுக்குப் பின்னால் சேற்றில் மாடு கட்டியிருப்பார். அவருடைய கணக்கில் அதெல்லாம் தொழில் இல்லை. "போன மாதம் வயலுக்குள்ள கால் வைச்சீங்களா, அம்மா? காலில காயம் இருந்ததா?" என்று கேட்டிருந்தால் வேறு பதில். இப்படிக் கேட்கச் சமூகவியல் படித்த ஒருவருக்குத் தெரியும். எந்தக் கேள்வி முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரியும். இருவரும் வினாக்கொத்து அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு மேசையில் இருக்க வேண்டும்.

புள்ளிவிவரத்தில் அதிகம் நிற்கப் போவதில்லை. பி பெறுமானம் 0.05 க்குக் கீழே வந்தால் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிடக் கூடவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. இருபது காரணிகளைப் போட்டுப் பார்த்தால் ஒன்றாவது சும்மா கீழே வரக்கூடும். ஒரே நாளில் இரண்டையும் கேட்டு அறிந்தால், எது முந்தியது என்றும் சொல்ல முடியாது. மன உளைச்சலால் நித்திரை கெட்டதா, நித்திரை கெட்டதால் மன உளைச்சலா?

மனிதவியல் பக்கத்தில் இதற்கு ஈடான பிழை, மூலத்தை அப்படியே நம்புவது. மட்டக்களப்பின் பழைய வரலாற்றைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் 1962 இல் எஃப். எக்ஸ். சி. நடராசாவின் பதிப்பாக வந்தது. அதில் சொல்லப்படும் அரசர்களையும் ஆண்டுகளையும் நடந்தது நடந்தபடி என்று எடுத்து ஆய்வேட்டில் வரிசையாகப் போடுகிறவர்கள் உண்டு. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன வரிசை என்று சொல்கிற ஒரு நூல், அந்த வரிசையில் பங்கு உள்ளவர்களிடையே பேணப்பட்டு வந்தது. யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எந்தப் பகுதி பிற்காலத்தில் சேர்ந்தது என்று கேட்காமல் அதை மேற்கோள் காட்டுவது, ஆய்வுகூட முடிவு வராமல் நோயின் பெயரை எழுதுவதற்குச் சமம்.

உசாத்துணையிலும் சட்டை மாறிப்போகும். "கடந்த ஐந்து வருடங்களுக்குள் வெளிவந்தவை மட்டும்" என்பது மருந்து பற்றி எழுதுகிறவருக்கு நல்ல கட்டளை. அதை வரலாற்று மாணவியிடம் சொன்னால், முக்குவர் சமூகத்தின் வாரிசுரிமை பற்றி 1876 இல் பிரிட்டோ வெளியிட்ட முக்குவர் சட்டம் என்ற நூலை அவள் தூக்கிவிட்டு, அதைப் பற்றி யாரோ போன வருடம் எழுதிய நாலு பக்கத்தை வைத்துக்கொள்வாள். மேற்பார்வையாளர் தந்த படிவத்தில் அப்படி இருந்தாலும் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அது வேறு பீடத்தில் இருந்து படியெடுத்த படிவமாக இருக்கும்.

நெறிமுறை அனுமதிக்கு வருவோம். மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும், உலக மருத்துவ சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது 1964 இல். மருத்துவ மாணவருக்கு அது மனப்பாடம். கலைப்பீடத்தில் பலர், இரத்தம் எடுத்தால்தான் அனுமதி வேண்டும் என்று நினைக்கிறார்கள். மட்டக்களப்புக் கடற்கரையில் உள்ள நாவலடியில் 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "அன்று என்ன நடந்தது?" என்று கேட்பது ஊசி குத்துவதை விட இலேசா? அந்தக் கேள்வியோடு எத்தனையோ பேர் அந்தக் கரைக்கு வந்து போய்விட்டார்கள். ஏற்கெனவே எழுதப்பட்டதை வாசித்துவிட்டுப் போனால், பாதிக் கேள்வியைக் கேட்காமலே விடலாம். அனுமதியைத் தகவல் சேர்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்த பிறகு "ஒரு கடிதம் வாங்கித் தாங்க சேர்" என்று ஓடுவதால் பயனில்லை. பின்திகதியிட்டுத் தர நெறிமுறைக் குழுவுக்கு அதிகாரமும் இல்லை.

பெயர் மறைப்பதில் இரு துறையும் எதிரெதிர். நோயாளியின் பெயரை மறைக்க வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, சின்னக் கிராமத்தின் பெயரையும் வயதையும் "ஒரே மகனை இழந்தவர்" என்பதையும் எழுதினால் ஊரில் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரியும். கூத்து ஆய்விலோ, நாற்பது வருடம் மத்தளம் அடித்த அண்ணாவியாரை "தகவலாளி 3" என்று எழுதுவது அநியாயம். அவர் சொன்னது அவருடைய கலை, அவருடைய உரிமை. அவரிடம் கேட்டு, அவர் விரும்பினால் முழுப்பெயரோடு எழுதுங்கள். ஒரே வீட்டில் இரண்டும் வரலாம்: அண்ணாவியார் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதற்குப் பெயர் போடலாம், காணாமற்போன தம்பியைப் பற்றிச் சொன்னதற்குப் போடக் கூடாது. ஒலிப்பதிவு ஓடும்போதே எது எதற்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிரசுரம். "உங்கள் பெறுமதி மிக்க கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று காசு கேட்டு மின்னஞ்சல் வந்தால், அந்தச் சஞ்சிகையில் வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து வாசியுங்கள். பல்மருத்துவமும் பரதநாட்டியமும் ஒரே இதழில் இருந்தால் விட்டுவிடலாம். ஆசிரியர் வரிசையிலும் வழக்கம் வேறு. மருத்துவக் கட்டுரையில் ஏழு பெயர் வருவது இயல்பு. ஆனால் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று சொல்ல முடிய வேண்டும், துறைத் தலைவர் என்பதற்காக ஒரு பெயர் ஏறக் கூடாது. தமிழ்த் துறையில் கட்டுரை பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் வரும், மேற்பார்வையாளருக்கு நன்றியுரை போதும். யார் பெயர் எந்த இடத்தில் என்பதை முன்மொழிவு எழுதும் நாளிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுகளைப் பற்றியும் ஒரு சொல். கைபேசியில் "ஓடியோ 14" என்று கிடப்பதற்கு அன்றைக்கே ஊர், திகதி, பாடியவர் பெயர் போட்டு ஒரு பிரதியை அண்ணாவியார் வீட்டிலும் கொடுங்கள். அவர் மகனிடம் பென்டிரைவ் இருக்கும்.