ஊட்டி ஏத்தத்துல கரி கேஸ்ல பழைய கார் ஓட்டணுமா?

ரெண்டாம் உலகப்போர் சமயம் பெட்ரோல் ரேஷன்ல இருந்தப்போ நம்மூர் பஸ்ஸே கரி கேஸ்ல, அதாவது கரிய கம்மி காத்துல எரிச்சா வர்ற கேஸ்ல தான் ஓடுச்சு, அதனால இது ஒண்ணும் புது வித்தை இல்ல.

முதல்ல கரி. சீகை மரத்துக் கரி நல்லா இருக்கும், நெல்லிக்காய் சைஸுக்கு உடைச்சு தூள சலிச்சு எடுத்துடுங்க, ஊட்டி பனியில வெளிய வச்சா ஈரம் இழுத்துக்கும் அதனால மூடின டின்ல தான் வைக்கணும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதிலா சுமாரா ஒன்றரை கிலோ கரி ஆகும்.

கார்ல மாட்டின கரி அடுப்புல தீ வச்சு, காத்து ஊதற புளோயர சுத்துங்க, வெளிய வர்ற கேஸ கொளுத்திப் பாத்து விடாம நின்னு எரிஞ்சா ரெடி. அதுக்கப்புறம் ஃபில்டர், கூலர் வழியா இன்ஜினுக்கு விடுங்க, காத்தும் கேஸும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஃபில்டர்ல சோம்பல் பட்டா சாம்பல் போய் பிஸ்டன் ரிங்க தின்னுடும். இந்த கேஸ் மெதுவா எரியும், அதனால இக்னிஷன் டைமிங்க கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணணும், அதாவது ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடியே வரணும்.

பவர் மூணுல ஒரு பங்காவது போயிடும், ஊட்டி 2,240 மீட்டர் உயரம்ங்கறதால காத்தும் மெல்லிசு, கல்லட்டி ரோட்டோட 36 கொண்டை ஊசி வளைவ நெனச்சுகூட பாக்காதீங்க, குன்னூர் ரோடுதான், அதுவும் ஃபர்ஸ்ட் கியர்ல.

குளிருதுன்னு ஷெட்ட மூடிட்டு மட்டும் பத்த வைக்காதீங்க, இதுல இருக்கறது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாம ஆள முடிச்சுடும்.