தொலைதூர விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முறை

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்கும் தூரம் நெடும்பயணங்களுக்குப் பயன்படாது. பூமி உருண்டை என்பதால், இரு விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின், அதாவது பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் மேற்பரப்பில் வரையப்படும் வட்டத்தின், ஒரு வில்லாகும். உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது கண்ணுக்கே தெரியும்.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கையும் மேற்கையும் எதிர்மறை எண்களாக எழுத வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி, அவற்றின் கொசைன் மதிப்புகளோடு தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி வரும் தொகையை அதனுடன் கூட்டினால், மையக்கோணத்தின் (பூமியின் மையத்தில் இரு நிலையங்களுக்கும் இடையே அமையும் கோணத்தின்) கொசைன் கிடைக்கும். அக்கோணத்தைப் பாகையில் கண்டு 111.2 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும்.

அத்தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அரை மணி நேரம் சேருங்கள். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி நிலையம் சுமார் 5,540 கி.மீ.; கணக்கின்படி ஏறத்தாழ 6 மணி 40 நிமிடம். ஆனால் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிமண்டலக் காற்றோட்டத்தை எதிர்த்துச் செல்வதால், நியூயார்க் நோக்கிய பயணம் பெரும்பாலும் திரும்பும் பயணத்தைவிட நீளும்.

பயணச்சீட்டிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்கினால், வழக்கமான 5 மணி நேர வேறுபாட்டைச் சேர்த்து, பயணம் 8 மணி நேரம் என்று கொள்ள வேண்டும்.